திண்டிவனம் விட்டுக்கொடுத்த இருதயசெல்வி

பெட்ரோல் போட்டு முடித்த பிறகும் ஜெகதீசன் ஸ்கூட்டரை நகர்த்தவில்லை. பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்தார்கள்.

"சார், ஓரமா வாங்க. மேனேஜர் என்னத்தான் திட்டுவாரு," என்றாள் இருதயசெல்வி.

பைபாஸ் பங்க்கில் அவள் வேலைக்குச் சேர்ந்து ஒன்பது வருடம். திண்டிவனம் பெண்கள் கூடைப்பந்து அணியில் ஆடத் தொடங்கிப் பதினெட்டு வருடம். அந்த அணிக்குக் கோச், செயலாளர் எல்லாமே ஜெகதீசன்தான். முப்பத்தாறு வயதிலும் அணியின் பாதிப் புள்ளிகள் அவள் கையிலிருந்துதான் வந்தன. ஆனால் அணியில் இருந்ததே ஐந்து பேர். ஒருத்திக்கு மூச்சு வாங்கினால் மாற்றி இறக்க ஆள் கிடையாது. இரண்டு வருடமாகத் தோல்விக்கு மேல் தோல்வி.

ஓரமாக வந்ததும் ஜெகதீசன் தரையைப் பார்த்தபடி சொன்னார். "விழுப்புரம் டீம்ல ரெண்டு பொண்ணுங்கள குடுக்கறாங்கம்மா. பானுப்ரியா, கலைப்பிரியா. பத்தொம்போது வயசு. பதிலுக்கு உன்ன கேக்கறாங்க."

அவள் சிரித்துவிட்டாள். "என்ன வச்சிக்கினு இன்னா பண்ணுவாங்க? பூஜையா போடுவாங்க?"

"அனுபவம் உள்ள ஆளு அவங்ககிட்ட இல்ல. நம்மகிட்ட ஆளே இல்ல."

சிரிப்பு நின்றது. "நான் இருக்கறதாலயா சார் தோக்கறோம்?"

"நீ இருந்தா மத்த நாலும் பந்த உன் கையில குடுத்துட்டு வேடிக்க பாக்குதுங்க. ரெண்டு வருஷத்துல உன் முட்டி ஒக்காந்துடும். அன்னிக்கே டீமும் ஒக்காந்துடும்."

மாவட்ட லீக்கில் ஒரு வருடம் ஓர் அணிக்குத்தான் பெயர் பதியலாம். மாறிவிட்டால் அந்த வருடம் திரும்ப முடியாது. ஓர் ஆட்டத்துக்காவது ஐந்து பேரை இறக்க முடியாமல் போனால், அணியின் பெயரையே பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். இரண்டும் அவளுக்குத் தெரியும்.

"நாலும் ரெண்டும் ஆறு," என்றாள், பெற்ற பிள்ளையைத் தத்துக் கொடுக்கிறவளின் குரலில். "சரி சார். போறேன்."

அதன் பிறகு காலையில் பங்க், மாலையில் விழுப்புரம் பஸ். அங்கே முதல் வாரம் அவளை அக்கா என்றார்கள். இரண்டாவது வாரம் ஆன்ட்டி ஆனாள். கடைசி ஐந்து நிமிடம் இறக்குவார்கள். மற்ற நேரமெல்லாம் பெஞ்சு. தண்ணீர் பாட்டில்களைப் பார்த்துக்கொள்வதும் அவள்தான்.

அவள் அதற்கெல்லாம் அழவில்லை. திண்டிவனம் முதல் ஆட்டத்தில் ஜெயித்த செய்தி வந்த அன்றுதான் அழுதாள். கோயிலுக்குப் போய் மாதாவுக்கு ஆறு மெழுகுவத்தி ஏற்றினாள்.

கணவன் அமிர்தசாமி கேலி செய்தான். "உன்ன தொரத்தி உட்ட டீமுக்கு நீ மெழுகுவத்தி ஏத்திக்கினு கீற. விழுப்புரமாவது உனக்குச் சம்பளம் குடுக்குதா?"

"அவங்களும் குடுக்கல. நீ சும்மா இரு."

அந்தச் சந்தோஷம் ஒரு மாதம் நீடித்தது. கலைப்பிரியாவுக்குச் சென்னையில் ஒரு கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தது. ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். பானுப்ரியாவுக்குத் திண்டிவனத்திலேயே மாப்பிள்ளை பார்த்தார்கள். நிச்சயம் முடிந்ததும் ஆட்டம் நின்றது. ஆறு நான்காயிற்று. திண்டிவனத்துக்குத் திரும்ப அனுமதி கேட்டு இருதயசெல்வி மாவட்டச் சங்கத்துக்கு மனு எழுதினாள். விதியை மாற்ற முடியாது என்று பதில் வந்தது.

மிச்சமிருந்தது கடைசி லீக் ஆட்டம் மட்டும். அது திண்டிவனத்தில், விழுப்புரத்தோடு.

அவள் பதினெட்டு வருடம் ஓடிய அதே ஆடுகளம். எதிர்ப்பக்கம் நான்கு பெண்கள் கைகளைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். நடுவர் புகழேந்தி கடிகாரத்தைப் பார்த்தார். "பதினஞ்சு நிமிஷம் காத்திருப்பேன் சார். அஞ்சாவது ஆள் வரணும்."

பத்து நிமிடம் போனது. அப்போதுதான் இருதயசெல்வி வேலிக்கு வெளியே பானுப்ரியாவைப் பார்த்தாள். கல்யாணத் துணி எடுக்க வந்தவள், பந்து தரையில் அடிபடும் சத்தம் கேட்டு நின்றிருந்தாள். பக்கத்தில் வருங்கால மாமியார் அம்சா.

முட்டி வலியை மறந்து ஓடினாள். "பானு! உன் பேரு இன்னும் லிஸ்ட்ல கீதும்மா! ஜல்தி வா. ஓட வேணாம். பொடவை மேலயே ஜெர்சிய மாட்டிக்கினு நின்னா போதும்."

பானுப்ரியாவின் கால் தானாக ஓர் அடி முன்னே வந்தது. அம்சா அவள் கையைப் பிடித்தாள்.

"எங்க வூட்டுக்கு வர்ற பொண்ணு நாலு பேரு எதிர்ல பந்து ஆடணுமா? நல்லா கீதே உங்க நாயம்."

"அக்கா, ஒரே ஒரு தடவ. உங்க கால்ல வேணா வுழறேன்."

"வுழு. ஆனா இவ வர மாட்டா."

பானுப்ரியா வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தேம்பினாள். "அக்கா, வர மாட்டேன்னு எங்கம்மா வாக்கு குடுத்துட்டாங்கக்கா."

பின்னால் விசில் ஒலித்தது. விழுப்புரம் வென்றதாக நடுவர் கை காட்டினார்.

ஜெகதீசன் வேலியோரம் வந்து நின்றார். ஒரே நாளில் பத்து வயது கூடிவிட்டதுபோல் இருந்தார். "உன்ன அனுப்பாம இருந்திருந்தா இன்னிக்கு அஞ்சு பேரு இருந்திருப்போம்."

"தோத்துக்கினாவது இருந்திருப்போம் சார்," என்றாள் அவள்.

விழுப்புரம் பெண்கள் கூச்சலிட்டபடி ஓடி வந்து அவளைச் சுற்றி வளைத்தார்கள். "ஆன்ட்டி, ஃபைனல் போறோம்! சிரிங்க ஆன்ட்டி!" ஒருத்தி அவள் இடுப்பைப் பிடித்துத் தூக்கவே பார்த்தாள். அந்தத் தோள்களுக்கு மேலாக, திண்டிவனத்து நான்கு பெண்களும் பைகளை எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போவது தெரிந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். ஒருத்திகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.