ஆர்கன் நின்ற இடம்

கடலூர் முதுநகரில் ஐஸ் ஆலை மோட்டார் பார்த்துவந்த ஞானாதிக்கம், ஞாயிற்றுக்கிழமைகளில் பேராலயத்தில், குழாய்களில் காற்று ஊதி ஒலிக்கும் பைப் ஆர்கன் வாசிப்பார். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. பூசை முடிந்து கோயில் காலியான பிறகு தட்டித் தட்டித் தானாகக் கற்றது.

2011ஆம் ஆண்டுத் திருவிழாவுக்கு அவர் தனியாக வாசிப்பதைப் பதிவு செய்து சீடி போடலாம் என்றார் பங்குச் சாமியார். சிதம்பரத்திலிருந்து செம்பியன் என்பவர் மைக்குகளோடு வந்தார். பாடகர்கள் இல்லை, ஆர்கன் மட்டும். கடைசியாக வாசித்தது, சாவு வீட்டுக்காரர்களுக்காகக் கோயிலில் பாடும் அடக்கப் பூசைப் பாட்டு. அதன் மூன்றாவது அடியில் ஞானாதிக்கத்துக்கு விரல் மறந்தது. கையை எடுத்தார். ஒரு மூச்சு விட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

முடிந்ததும், அதை மட்டும் மறுபடி வாசிப்பதாகக் கெஞ்சினார். அதற்குள் கரண்ட் போய், ஆர்கனுக்குக் காற்றடிக்கும் மோட்டார் ஓய்ந்துவிட்டது. செம்பியன் வயர்களைச் சுருட்டிக்கொண்டே, யாருக்கும் தெரியாது, கேட்பவர்களுக்கு உருக்கமாகத்தான் இருக்கும் என்றார்.

டிசம்பர் கடைசியில் ‘தானே’ புயல் கோயில் கூரையைப் பிய்த்தது. மழை குழாய்களுக்குள் இறங்கியது. காற்றுப் பைகளின் தோல் ஊறிக் கிழிந்தது. சென்னையிலிருந்து வந்து பார்த்தவர், இனி ஊதாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதன்பிறகு எந்தச் சாவுக்கும் சீடிதான். பாடகர் குழு அதோடு சேர்ந்து பாடியது. ஆர்கன் நின்ற இடத்தில் தானும் நின்றது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அங்கே நிற்க வேண்டும் என்றே சொல்லிக் கொடுத்தார்கள். பின்வரிசையில் இருக்கும் ஞானாதிக்கம், அந்த இடம் வரும்போது தொடையின் மேல் சரியான சுரத்தை அழுத்துவார்.

அவர் மனைவி ஆரோக்கியம்மாளுக்குச் சிறுநீரகம் கெட்டிருந்தது. ரத்தம் சுத்திகரிக்கச் சிதம்பரம் போய்வந்துகொண்டிருந்தார்கள். ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் அவள் சொன்னாள்:

“எனக்கு அந்த சீடிய போட்டுறாதீங்க. செத்த பொறவும் உங்க தப்பையே கேட்டுக்கினு கெடக்கணுமா? கையால வாசிங்க.”

“நீ மொதல்ல பஸ்ல ஏறு” என்றார் அவர்.

அடுத்த ஆவணியில் அவள் போய்விட்டாள். பாடகர் குழுவை நடத்தும் எழிலரசி ஆரோக்கியம்மாளின் அண்ணன் மகள். அவளிடம் ஞானாதிக்கம் ஒரு கீபோர்டு மட்டும் கேட்டார். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் அதை வைத்தார்கள்.

இரண்டு அடிகள் நன்றாகப் போயின. மூன்றாவதில் அவர் நிற்காமல் வாசித்தார். குழு நின்றது. சிலர் அவர் வாசிப்பை எட்டிப் பிடிக்க வேகமாகப் பாடினார்கள், சிலர் அடியை முதலிலிருந்து எடுத்தார்கள். பாட்டு சிக்கிக்கொண்டது. துக்கத்தில் மனுஷனுக்குக் கை ஓடவில்லை என்று ஜனங்கள் தலைகுனிந்தார்கள்.

எழிலரசி வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“பரவால்ல மாமா. அழுகையில அங்க நிக்க மறந்துட்டீங்க. நீங்க உக்காருங்க, நான் பாத்துக்கறேன்.”

“அங்க நிக்கக் கூடாதும்மா.”

அவள் அதற்குள் சீடியைப் போடப் போய்விட்டாள்.

ஒலிபெருக்கியில் ஆர்கன் எழுந்தது. குரல்கள் ஒழுங்குக்கு வந்தன. மூன்றாவது அடியில் ஆர்கன் நின்றது. கோயில் முழுவதும், ஒருவர்கூடப் பிசகாமல், நின்றது.