பேர் ஓடுகிற நேரம்

சினிமாவின் தொடக்கத்தில் பெயர்கள் வரும் காட்சியை வடிவமைப்பது என் மகளின் வேலை. நான்கு ஆண்டுகளுக்கு முன், வீடு நிறைய உறவினர்கள் இருக்கும்போது அவளிடம், "பேரு ஓடுறப்ப சனங்க முறுக்கு வாங்கப் போவாக. இதுக்கா ஆத்தா உன்னைய இன்ஜினியருக்குப் படிக்க வச்சேன்?" என்று கேட்டுச் சிரித்தேன். அன்று போனவள் பிறகு என்னோடு பேசவில்லை.

சென்ற வாரம் அவள் வேலை செய்த படத்தைப் பார்க்கக் கம்பம் ஊர்த் தியேட்டருக்குத் தனியாகப் போனேன். திரையில் திராட்சைக் கொடி வழியே ஒரு நீர்த்துளி இறங்கியது. அது தொட்ட இடமெல்லாம் ஒரு பெயர் அரும்பியது. பாப்கார்ன் வாங்க எழுந்த தன் மனைவியைப் பக்கத்து இருக்கைக்காரர் பிடித்து இழுத்தார். "உக்காரு புள்ள, பேரு முடியட்டும்."

மகளின் பெயரும் அரும்பியது. முன்னால் என் இனிஷியலை எடுத்துவிட்டு, அவள் அம்மாவின் இனிஷியலைப் போட்டிருந்தாள்.

பள்ளியில் சேர்த்த அன்று என் இனிஷியலை எழுதிக் கொடுத்தவன் நான். எடுக்க வைத்தவனும் நான்தான்.