எல்லேக் கிண்ணமும் சித்தப்பாவின் நேர்த்தியும்

எங்கள் ஊர் விளையாட்டுக் கழகத்துக்குப் புதிதாக ஒரு மண்டபம் கட்டி, போன தை மாதம் திறந்தார்கள். கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். மேடையில் அப்பா பேசினார். கழகத்தின் பொற்காலம் என்று அவர் சொன்னது ஒரேயொரு வருடத்தை. தோற்றுத் தோற்றே பெயரெடுத்த எங்கள் எல்லே அணி எழும்பி நின்று, வந்தவர்களையெல்லாம் வென்று கிண்ணம் கொண்டுவந்த வருடம் அது. விளையாடியவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிப் புகழ்ந்தார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, நாங்கள் கைதூக்கிவிட்ட ஒருவன் மட்டும் வென்ற சூட்டோடேயே எங்களை விட்டுப் போய்விட்டான், நன்றி என்பது பிறப்பிலேயே வர வேண்டும் என்று முடித்தார். சனம் கைதட்டியது. எனக்கு அங்கே இருக்க முடியவில்லை. முன்வரிசையிலிருந்து எழும்பி, எல்லோரும் பார்க்கத்தக்கதாகவே வெளியே வந்தேன். அன்று வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. ஆற்றிக்கொள்ளும் எண்ணமும் எனக்கு இல்லை.

அந்த வருடம் எனக்கு எட்டு வயது. அப்பா அப்போதும் கழகத் தலைவர். அவருடைய தம்பி, என்னுடைய சித்தப்பா, அணித்தலைவர். அதனால் கழகம் தோற்கும் நாட்களில் எங்கள் வீட்டில் யாரும் யாரோடும் கதைப்பதில்லை. அம்மா சோற்றைப் போட்டுவிட்டு அடுப்படிக்குள் போய்விடுவார்.

எல்லே தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஒரு மூங்கில் தடி, ஒரு ரெனிஸ் பந்து, ஓடுகிறவன் நிற்க வட்டமாக நான்கு தரிப்புகள். பந்தைத் தடியால் அடித்துவிட்டு வட்டத்தைச் சுற்றி ஓட வேண்டும். மற்ற அணிக்காரர் பந்தைப் பிடித்தாலும் ஆட்டமிழப்பு, ஓடுகிறவன் மேல் எறிந்து பட்டாலும் ஆட்டமிழப்பு. ஒருவனுக்கு மூன்று பந்துகள்தான். இந்த விளையாட்டில் ஒரு விசேஷம் உண்டு. அடிக்கிறவனுக்குப் பந்தைப் போட்டுக் கொடுப்பது எதிரணி ஆள் அல்ல, அவனுடைய சொந்த அணி ஆள்தான். எங்கள் அணியில் அந்த வேலை சித்தப்பாவுடையது.

சித்தப்பா நன்றாகத்தான் போடுவார். அடிக்கத்தான் ஆள் இல்லை. வருடா வருடம் வாழைக்குலை கட்டிய வான் வண்டியில் பாட்டுப் போட்டுக்கொண்டு போவார்கள். முதலாவது ஆட்டத்திலேயே தோற்று, பாட்டை நிற்பாட்டிவிட்டு வருவார்கள். தெல்லிப்பழைச் சந்தியில் நிற்கும் பெடியன்கள், என்ன இவ்வளவு வெள்ளனத் திரும்பிவிட்டீர்கள், மத்தியானச் சாப்பாட்டுக்கோ என்று கேட்பார்கள். தோல்விக்குக் காரணம் கண்டுபிடிப்பதில் மட்டும் எங்கள் ஊரை எவராலும் வெல்ல முடியாது. ஒரு வருடம் நடுவரின் கண். இன்னொரு வருடம் வெயில். பிறகு யாரோ செய்வினை செய்துவிட்டார்கள் என்று, சாத்திரியாரைக் கேட்டுச் சட்டையின் நிறத்தை மாற்றினார்கள். மஞ்சள் சட்டையோடும் தோற்றார்கள்.

அந்த மஞ்சள் சட்டைத் தோல்விக்குப் பிறகுதான் சித்தப்பா நேர்த்தி வைத்தார். விளையாட்டு மைதானத்தின் மூலையில், புளியமரத்தின் கீழ் ஒரு வைரவர் இருக்கிறார். ஒரு சூலமும் கல்லும், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டார்தான் விளக்கேற்றுவோம். கிண்ணம் கிடைத்தால் அதில் இளநீர் நிரப்பி வைரவருக்குப் படைத்து, விளையாடிய அத்தனை பேரும் அந்தக் கிண்ணத்திலேயே வாய் வைத்துக் குடிப்போம் என்று சித்தப்பா சூலத்துக்கு முன்னால் நின்று, ஊரே கேட்கச் சொன்னார். அப்போது அணியில் இருந்தவர்கள் எல்லோரும் எங்கள் சொந்தக்காரர். அதனால் அந்த வாக்கில் யாரும் ஒரு பிழையும் காணவில்லை.

அடுத்த மாசியில் ரூபன் அண்ணை அணிக்கு வந்தார்.

எங்கள் ஊர் எல்லையில் ஒரு முகாம் இருந்தது. கடற்கரை ஊர்களை இராணுவம் எடுத்துக்கொண்டபோது ஓடிவந்த சனம், கடலைக் காணாமல் தகரக் கொட்டில்களில் வருடக்கணக்காக இருந்தார்கள். கடற்றொழில் செய்த குடும்பங்கள் எங்கள் தோட்டங்களில் வெங்காயத்துக்குப் புல்லுப் பிடுங்கின. ரூபன் அண்ணை எங்கள் தோட்டத்தில் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறுவார். ஒரு பின்னேரம் மைதானத்திலிருந்து பந்து வந்து வெங்காயப் பாத்திக்குள் விழுந்தது. அவர் மண்வெட்டியைக் கீழே வைக்காமல் மற்றக் கையால் எடுத்து எறிந்தார். பந்து வேலிக்கு மேலால் போய், சித்தப்பா நின்ற இடத்துக்கே நேராகச் சென்றது. சித்தப்பா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, தடி பிடிப்பாயோ என்று கேட்டார். பிடித்தார். அன்று அவர் அடித்த பந்தை நாங்கள் கண்டெடுக்கவேயில்லை.

கழகத்துக்குள் ஊரவரைத்தான் சேர்க்கலாம் என்று ஒரு விதி இருந்தது. சிலர் அதைத் தூக்கிப் பிடித்தார்கள். கூட்டத்தில் அப்பாதான் எழும்பி அவர்களின் வாயை அடைத்தார். "எங்கடை கிராம விதானையாற்றை பிரிவுக்குள்ளைதானே முகாம் கிடக்கு. அப்ப அவனும் எங்கடை ஊர்ப் பெடியன்தான்" என்றார். எனக்கு அப்பாவை நினைக்கப் பெருமையாக இருந்தது. ரூபன் அண்ணை பிறந்த ஊரை இழந்து பதினைந்து வருடமாக எங்கள் ஊரில் இருந்தபோது வராத ஞானம், அவர் பந்தை அடித்த ஒரு கிழமைக்குள் அப்பாவுக்கு வந்திருந்தது.

அந்த வருடந்தான் எங்கள் வீட்டுக்குக் கடதாசிக் கப் வந்தது. பயிற்சி முடிந்ததும் மைதானத்துக்குத் தேத்தண்ணீர் எங்கள் வீட்டிலிருந்துதான் போகும். அதுவரை சில்வர் பேணிகளில் போனது, இனி எல்லோருக்கும் கடதாசிக் கப்பில்தான் என்று அம்மா சொன்னார். சுகாதாரமாம். பூப்போட்ட கப்புகள். நான் அவற்றைச் சேர்த்து மண்வீடு கட்டினேன். எங்கள் வீட்டில் சாதி என்ற சொல்லை ஒருவரும் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. சொல்லாமலே எல்லாவற்றையும் ஒழுங்காக நடத்தத் தெரிந்தவர்கள் எங்கள் ஆட்கள்.

பிறகு வெல்லத் தொடங்கினோம். முதல் ஆட்டம் வென்றபோது எங்கள் ஊரே நம்பவில்லை, எதிரணி சரியில்லை என்றார்கள். இரண்டாவதும் வென்ற பிறகு கடையை மூடிவிட்டு ஆட்கள் வானில் ஏறினார்கள். ரூபன் அண்ணையால் மட்டும் வென்றோம் என்று சொல்ல மாட்டேன். அவர் வந்த பிறகு மற்றவர்களுக்கும் கை நிமிர்ந்தது. எப்படி நிற்பது, பந்து இறங்கும்வரை எப்படிப் பொறுப்பது என்று பெடியன்களுக்குக் காட்டிக் கொடுத்தார். சித்தப்பாவும் அவரும் பின்னேரங்களில் இருள்கிறவரை பந்து போட்டு அடித்துப் பழகினார்கள். சித்தப்பா கையை உயர்த்தும்போதே பந்து எங்கே வரும் என்று அவருக்குத் தெரிந்தது. தெல்லிப்பழைச் சந்திப் பெடியன்கள் இப்போது எங்கள் வானுக்குக் கை காட்டினார்கள்.

இறுதி ஆட்டம் வட்டுக்கோட்டைப் பக்கம். எங்கள் பக்கத்தின் கடைசி ஆள் ரூபன் அண்ணை. அவர் ஒரு முழுச் சுற்று ஓடினால் கிண்ணம், இல்லாவிட்டால் அவ்வளவுதான். சித்தப்பா அவசரப்பட்டுப் போட்டார். முதல் பந்து காலடியில் விழுந்தது. இரண்டாவது தலைக்கு மேலால் போனது. அம்மா என்னுடைய தோளை இறுக்கிப் பிடித்தார், இன்றும் நினைத்தால் நோகும். ரூபன் அண்ணை தடியைத் தோளில் வைத்துக்கொண்டு சித்தப்பாவிடம் நடந்து போனார். அவர் சொன்னதைச் சித்தப்பா பிறகு பலமுறை எங்களுக்குச் சொல்லியிருக்கிறார். "அவசரப்படாதேங்கோ அண்ணை. வழமையாப் போடுற மாதிரிப் போடுங்கோ, மிச்சத்தை நான் பாக்கிறன்."

மூன்றாவது பந்து நன்றாக விழுந்தது. அடித்த சத்தம் மைதானத்தின் அந்தக் கடைசித் தொங்கல்வரை கேட்டது. அவர் ஓடினார். மூன்றாவது தரிப்பைத் தாண்டும்போது பந்து திரும்பி வந்துவிட்டது. எறிந்தார்கள். அவர் குனிந்தார். பந்து முதுகை உரசாமல் போனது. சித்தப்பா ஓடிப்போய் அவரைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு ஆடினார். அப்பாவும் வந்து கட்டிப்பிடித்தார். அழுதார்கூட. வேர்வையோடு வேர்வை ஒட்டியது, அதற்கு ஒரு குறையும் வரவில்லை.

கிண்ணம் வீட்டுக்கு வந்த பிறகுதான் நேர்த்தி ஞாபகம் வந்தது. வியாழக்கிழமை மத்தியானம் சாப்பிடும்போது அப்பா கதையைத் தொடங்கினார். எல்லோரும் ஒரே கிண்ணத்தில் வாய் வைத்துக் குடிப்பதென்றால் எப்படி என்று கேட்டார். சித்தப்பா, வைரவருக்குச் சொன்னதை மாற்ற ஏலாது என்றார். அம்மா, ஊர்ச்சனம் என்ன சொல்லும் என்றார். அப்பா கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். "அவனைக் கடைசியாக் குடிக்க விடுவம். அதுக்குப் பிறகு ஆளில்லாட்டில் ஒரு பிரச்சினையும் இல்லை" என்றார். சித்தப்பா கை கழுவ எழும்பினார். நன்றாக விளையாடியவருக்குக் கடைசியில் நிறையக் கிடைக்கும் என்று நான் விளங்கிக்கொண்டேன். நல்ல ஏற்பாடாகத்தான் பட்டது.

வெள்ளி பின்னேரம் வைரவரடியில் சனம் நிறைந்திருந்தது. கிண்ணம் நிறைய இளநீர் ஊற்றிப் படைத்துக் கற்பூரம் காட்டினார்கள். விளையாடியவர்கள் வரிசையாக நின்றார்கள். ரூபன் அண்ணை வரிசையின் கடைசியில், புதிதாகத் தோய்த்த சட்டையோடு, தலையை எண்ணெய் வைத்து இழுத்து நின்றார். சித்தப்பா கிண்ணத்தை எடுத்தார். முதலில் அவர்தான் குடிக்க வேண்டும். குடிக்கவில்லை. கிண்ணத்தோடு வரிசையைத் தாண்டிக் கடைசிவரை நடந்து போய், ரூபன் அண்ணையிடம் நீட்டினார்.

"நான் கடைசியாக் குடிக்கிறன் அண்ணை" என்றார் ரூபன் அண்ணை. அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

"நீ இல்லாட்டில் இது இல்லை. நீ முதல் குடி" என்றார் சித்தப்பா.

ரூபன் அண்ணை இரண்டு கையாலும் வாங்கி, கண்ணை மூடிக் குடித்தார். அவருடைய நாடியால் இளநீர் வழிந்தது. ஒருவர்கூடக் கைதட்டவில்லை. கிண்ணத்தைத் திருப்பி வாங்கிய சித்தப்பா அதை வாய்க்குக் கொண்டுபோகப் பார்த்தார். அதற்குள் அப்பா வந்து அவருடைய கையைப் பிடித்துவிட்டார். "பொறு. தூசி பட்டுக் கிடக்கு. ஒருக்கால் கழுவிப்போட்டுக் குடிப்பம்" என்றார். அப்பாவின் குரலில் ஒரு கோபமும் இல்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

சித்தப்பா நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தார். பிறகு கிண்ணத்தை அவரிடமே விட்டுவிட்டார். அந்த மனிதருக்குத் துணிவு அவ்வளவுதான் இருந்தது. இன்றைக்கும் அவருக்கு முன்னால் இருந்து சாப்பிடும்போது எனக்கு இது நினைவுக்கு வரும், சாப்பாடு இறங்காது.

அம்மா கிண்ணத்தைப் பக்கத்திலிருந்த கிணற்றடிக்குக் கொண்டுபோனார். மிச்ச இளநீரை வாழையடியில் ஊற்றினார். விளக்கு மினுக்கக் கொண்டுவந்த பழப்புளி கையில் இருந்தது. அதைப் போட்டு உள்ளும் புறமும் தேய்த்தார். நான் வாளியில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். வெள்ளிப் பூச்சுப் பளிச்சென்று வந்தது. இவ்வளவு நேரமும் ரூபன் அண்ணை அதே இடத்தில், நாடியைத் துடைக்காமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவரைச் சுற்றி நின்றவர்கள் மெல்ல மெல்ல விலகிப் போயிருந்தார்கள்.

புது இளநீர் ஊற்றியதும் நான்தான் ஆசைப்பட்டுக் கிண்ணத்தை வாங்கி ஏந்திக்கொண்டு வந்தேன். நேரே ரூபன் அண்ணையிடம் போனேன். முதல் தரம் அழுக்கான கிண்ணத்தில் அல்லவா குடித்தார், பாவம். "இப்ப வடிவாக் கிடக்கு. திரும்பக் குடியுங்கோ அண்ணை" என்று நீட்டினேன்.

அவர் என்னைப் பார்த்தார். கிண்ணத்துக்குக் கை நீட்டியிருப்பாரா, இல்லையா என்று தெரியாது, அதற்குள் அம்மா ஓடிவந்து கிண்ணத்தையும் என்னையும் சேர்த்துப் பின்னால் இழுத்தார். அந்த முகாம்காரர், எங்கள் ஊர்ப் பெடியன், என்னுடைய தலையைத் தொட உயர்த்திய கையைப் பாதியில் இறக்கிக்கொண்டார். "எனக்குப் போதும் பிள்ளை" என்றார். புளியமரத்தில் சாத்தியிருந்த சைக்கிளை எடுத்தார். நாளைக்குத் தண்ணீர் மாற வருவாயோ என்று அப்பா கேட்டார். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நாளைக்கும் வரவில்லை, அதற்குப் பிறகும் வரவில்லை. அடுத்த வருடம் முதலாவது ஆட்டத்திலேயே தோற்றோம்.

அவர் தொட்டால் கிண்ணத்தை இன்னொரு தரம் கழுவ வேண்டிவரும் என்ற பயத்தில்தான் அம்மா என்னை இழுத்தார் என்பது எனக்கு அப்போது தெரியாது. இளநீர் எல்லோருக்கும் காணாமல் போய்விடும் என்று பயப்படுகிறார் என்றே நினைத்தேன். சைக்கிள் ஒழுங்கையால் திரும்பி மறைகிறவரை, "என்ரை பங்கை ரூபன் அண்ணைக்குக் குடுங்கோ, எனக்கு வேண்டாம்" என்று அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்து அழுதுகொண்டு நின்றேன்.