பார்த்ததாக எழுதிய நட்சத்திரம்

முயல் மண்டலத்தில் ஒரு நட்சத்திரம் இருக்கிறது. பெயர் கிடையாது, பட்டியலில் எண் மட்டும்தான். வெறுங்கண்ணுக்குத் தெரியாது. தொலைநோக்கியில் பார்த்தால் மஞ்சளாக ஒன்றும், அதை ஒட்டினாற்போல் நீலம் கலந்த இன்னொன்றும் தெரியும். சற்றுத் தள்ளி, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி மூன்றாவது. மூன்றும் ஒரே குடும்பம் என்கிறார்கள்.

இப்படிப்பட்டவற்றின் நிறம், இடைவெளி, திசை எல்லாவற்றையும் குறித்து எங்கள் வான்நோக்கர் குழுவுக்கு அனுப்புவது என் பொழுதுபோக்கு. போன குளிர்காலத்தில் "மூன்றும் தெரிந்தன" என்று எழுதி அனுப்பினேன். குழுவில் வேறு யாருக்கும் அந்த மூன்றாவது சிக்கவில்லை. எல்லாரும் பாராட்டினார்கள், எனக்குத் தலைகால் புரியவில்லை.

இந்த ஜனவரியில் தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு மனைவியின் அண்ணன் வீட்டுக்குப் போனேன். செங்கல்பட்டில் எங்கள் தெருவிளக்குகள் வானத்தையே வெளுத்துவிட்டன. மச்சான் வீடு மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலோரம். ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். திருக்கழுக்குன்றம் மலைக்கு மேலே ரம்ஜான் பிறை தேடும்போது அவர் தெருவில் அவர் கண்ணைத்தான் நம்புவார்கள். பெருநாளுக்குக் கறி வாங்கி வைத்துவிட்டு எல்லாரும் காத்திருந்த ஒரு சாயங்காலம், "எனக்குத் தெர்ல" என்று சொல்லிவிட்டு மாடியிலிருந்து இறங்கிவிட்டார். இன்னொரு நோன்பு பிடித்தோம். அவர்மேல் எனக்குக் கோபம்கூட வந்தது.

இரவுத் தொழுகையான இஷாவை முடித்துவிட்டு வந்தவரை மொட்டை மாடிக்கு அழைத்துப் போனேன். என் சாதனையைக் காட்டிக்கொள்ளும் ஆசைதான்.

"மூணாவது எங்க கீதுன்னா மச்சான், மேல் பக்கமா..." என்று ஆரம்பித்தேன்.

"நீ ஒண்ணும் சொல்லாத மாப்ள. சொன்னா இல்லாததும் கண்ணுக்குத் தெரியும். பிறை பாக்கசொல்ல யாரயும் கை காட்ட வுட மாட்டேன். பேப்பர் குடு."

கால் மணி நேரம் குனிந்தபடி இருந்தார். பிறகு மூன்று புள்ளிகள் வைத்துத் தந்தார். மூன்றாவது கீழே இருந்தது.

நான் சிரித்துவிட்டேன். "புக்குல வடக்கேன்னு போட்டுக்கீது மச்சான். வடக்குன்னா மேல."

சொல்லும்போதே உறைத்தது. என் தொலைநோக்கி தலைகீழாகக் காட்டும் ரகம். அதில் வடக்கு என்றால் கீழே. நிலாவைப் பார்க்கும்போதெல்லாம் நினைவிருக்கும் இந்த விஷயம், புத்தகமும் கையுமாக உட்கார்ந்தபோது மறந்துபோயிருக்கிறது. போன குளிர்காலத்தில், ஒன்றுமே இல்லாத மேல்பக்கத்தில் நான் ஒரு நட்சத்திரத்தைப் பார்த்திருக்கிறேன். லேசான சிவப்பு என்று அதற்கு நிறம்வேறு எழுதியிருந்தேன்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. மச்சானிடம் சொன்னேன்.

"அப்ப நீ பாக்கல?"

"பாக்கல."

"அத எழுதிடு" என்றார். திட்டவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. சாப்பிடக் கீழே போய்விட்டார்.

நான் அந்தக் கீழ்ப்பக்கத்தையே திரும்பத் திரும்ப உற்றுப் பார்த்தேன். இப்போது இடமும் தெரியும், திசையும் தெரியும். பிறகு மாடியிலேயே உட்கார்ந்து குழுவுக்கு எழுதினேன்: போன வருஷம் நான் அனுப்பிய பதிவை நீக்கிவிடுங்கள். மூன்றாவதைப் பார்த்தவர் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் என் மச்சான். எனக்கு இன்னும் தெரியவில்லை.