கருவிழி மேல் ஏறிய சதை

போடியிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்புக்காரர்களில் அமாவாசைதான் மூத்தவர். தம்பி பிரபுவுக்கு வண்டி ஓட்டப் பழக்கியதும் அவரே. இந்த வருஷம் தோட்ட வேலைக்குப் போகும் பெண்களெல்லாம் பிரபுவின் வண்டியைத் தேடிப் போனார்கள்.

"உங்க வண்டியில ஏறினா இடுப்பு கழண்டுருதுண்ணே. பிரபு ஓட்டினா தூங்கிட்டே போகலாம்" என்றாள் சுப்புத்தாய்.

"தூங்குறதுக்கு மலை ஏறுவானேன்? வீட்டுலயே கிடக்கலாமே?"

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தபடியே பிரபுவின் ஜீப்பில் ஏறிக்கொண்டார்கள். அமாவாசைக்கு வயிறு எரிந்தது.

பள்ளம் கிட்டத்தில் வந்த பிறகே தெரிகிறது என்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. வலது கண்ணில் மூக்கோரமாக வளர்ந்த சிவந்த சதை கருவிழி மேல் ஏறியிருந்தது. எதிர்வண்டி விளக்கு கோடாக இழுபட்டது. மூக்குக்கண்ணாடியை மாற்றினார், சில மாதத்தில் அதுவும் சரிப்படவில்லை. ஒருநாள் கொண்டை ஊசி வளைவில் வண்டி தடுப்புச் சுவரை உரசியது. பின்னால் வந்த பிரபு பார்த்துவிட்டு, தேனிக்குக் கண் டாக்டரிடம் இழுத்துப் போனான். 'என்னை வீட்டில் உட்காரவைக்கப் பார்க்கிறான்' என்று கறுவிக்கொண்டே போனார் அமாவாசை.

கருவியில் தாடையை வைத்ததும் திரையில் அவர் கண் தெரிந்தது. கருவியிலிருந்து அதன்மேல் விழுந்த ஒளி வளையங்கள் ஒரு பக்கம் நசுங்கியிருந்தன.

"கருவிழி சீரா வளைஞ்சிருக்கணும். இந்தச் சதை இழுத்து ஒரு பக்கத்தைத் தட்டையாக்கிருச்சு. வெளிச்சம் ஒரே இடத்துல சேராம சிதறுது. சதை வளர வளர வளைவும் மாறும், கண்ணாடி ஒத்துவராது. சதையை எடுத்துட்டா பெரும்பாலும் பார்வை தெளியும். அதுவரை மலையில ஓட்டாதீங்க" என்றார் டாக்டர்.

"தம்பிக்கும் பாருங்க. அவனும் இதே வெயில்லயும் தூசியிலயும்தான் கிடக்கிறான்."

அக்கறையாகத்தான் சொன்னார். உள்ளுக்குள், அவனுக்கும் கொஞ்சம் நசுங்கியிருக்கட்டும் என்று இருந்தது. பிரபுவின் கண்ணில் வளையங்கள் கிண்ண விளிம்பு போல வட்டமாக நின்றன. ஒரு வயிற்றில் பிறந்தும் இவனுக்கு மட்டும் எப்படி?

"ஆப்பரேசன் பத்தி யோசிச்சுச் சொல்றேன்" என்று எழுந்துவிட்டார். கண்ணில் கத்தி வைப்பதென்றால் பயமாக இருக்கிறது என்று வெளியே வந்ததும் தம்பியிடம் சொன்னார்.

மறுநாள் அவருடைய ஜீப்பையே பிரபு எடுத்தான். அமாவாசை பக்கத்தில் உட்கார்ந்தார். குரங்கணிப் பாதையில் ஒவ்வொரு பள்ளத்தையும் தம்பி முன்கூட்டியே பார்த்து ஒதுங்கினான். ஒன்றிலாவது விழமாட்டானா என்று அவர் காத்திருந்தார். விழவில்லை.

"தேனிக்குப் போன் போட்டு ஆப்பரேசனுக்குத் தேதி கேளு."

"பயமா இருக்குன்னீக?"

"இப்பவும் பயந்தான். உம் பக்கத்துல உக்காந்து வர்றது அதைவிடக் கஷ்டமா இருக்கு."