அம்மன் பூவில் வாய் வைத்தது

எங்கள் பக்கத்தில் பெண் பார்ப்பது பெரும்பாலும் கோயிலில்தான். இரண்டு வீட்டாரும் தற்செயலாக வந்தது போல வருவார்கள். மாப்பிள்ளை பெண்ணைப் பார்க்க வேண்டும், ஆனால் பார்ப்பதாகத் தெரியக் கூடாது. பிடிக்காவிட்டாலும் யாருக்கும் வெட்கமில்லை. அங்கேதான் ஒன்றுமே நடக்கவில்லையே.

எனக்கு அந்தப் பார்ப்பதுதான் வராது. முன்பு போன இடங்களில் நிலத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு வீட்டார் எனக்குக் கண் தெரியாது என்றும், இன்னொரு வீட்டார் வாய் பேசாது என்றும் சொல்லி அனுப்பினார்கள். எண்பத்தாறாம் ஆண்டு சுருவிலிலிருந்து போய், நயினாதீவு அம்மன் கோயிலுக்கு லோஞ்சுப் படகில் ஏறியபோது எனக்கு முப்பத்தாறு வயது. இதுவும் குழம்பினால் இனி எவரிடமும் பெண் கேட்கப் போவதில்லை என்று அக்கா முடிவாகச் சொல்லிவிட்டார்.

கூட வந்த அத்தான் கடல் முழுக்கப் பாடம் நடத்தினார். வேலணைப் பெண். மெரூன் சேலை. கையில் அர்ச்சனைத் தட்டு. கோயிலை இரண்டாம் முறை சுற்றும்போது தெற்கு வீதியால் வருவாள். அப்போது தலையை நிமிர்த்த வேண்டும், அவ்வளவுதான்.

தெற்கு வீதியில் பூந்தோட்டத்து ஓரமாகப் போய் நின்றேன். மெரூன் சேலை வந்தது. நான் உடனே வெட்சிச் செடியைப் பார்த்தேன்.

அங்கே ஒரு சின்ன மஞ்சள் வண்ணாத்திப்பூச்சி பெரிய துன்பத்தில் இருந்தது. வெட்சிப் பூவுக்கு நீண்ட ஒடுங்கிய குழாய், தேன் அதன் அடியில். மஞ்சள் தன் வாய்க் குழலை நீட்டிப் பார்த்தது, தலையைத் திணித்தும் பார்த்தது. எட்டவில்லை. அடுத்த பூவுக்குப் போய் அதையே செய்தது. பிறகு சிவப்பு உடம்போடு பெரிய கறுப்பு ஒன்று வந்தது. சுருட்டி வைத்திருந்த குழலை அவிழ்த்தது. கிணற்றுக்குள் கயிறு விட்ட மாதிரி அது இறங்கிக்கொண்டே போனது. நான் முழங்காலில் கை வைத்துக் குனிந்துவிட்டேன்.

"எதையும் துலைச்சுப் போட்டீங்களோ?"

பக்கத்தில் மெரூன் சேலை. பெண் வந்து பேசுவது இந்த ஏற்பாட்டில் இல்லை. பயத்தில் உண்மையைச் சொன்னேன்.

"சின்னனுக்கு எட்டேல்லை. கறுப்பனுக்கு எட்டுது."

அவளும் குனிந்தாள். அதன்பிறகு என் வாய்க்கு என்ன நடந்ததோ தெரியாது. மஞ்சளுக்கு நிலத்தோடு கிடக்கிற மூக்குத்திப்பூதான் தோது, அதில் ஆழம் இல்லை என்றேன். கறுப்பனுக்கும் பூ சும்மா கொடுப்பதில்லை, மூஞ்சியில் மகரந்தத்தைப் பூசித்தான் அடுத்த செடிக்கு அனுப்புகிறது என்றேன். ஒரு வருடத்துப் பேச்சை அந்த இடத்திலேயே முடித்துவிட்டேன்.

"அதுகளை விடுங்கோ, எங்களுக்கு எட்டும்," என்றாள். ஒரு பூவைப் பறித்து, நடுவில் இருந்த நாரை அடிப்பக்கமாக இழுத்தாள். நுனியில் ஒரு சொட்டுத் தேன். அதை நாக்கில் வைத்துவிட்டு எனக்கும் ஒரு பூவை நீட்டினாள். நானும் உறிஞ்சினேன்.

அம்மனுக்குச் சாத்தும் பூவை நாங்கள் மணந்துகூடப் பார்ப்பதில்லை. மாலை கட்டுகிற பெரியவர் கூடையோடு எங்களுக்குப் பின்னால் நின்றார்.

"ரெண்டு எருமையள் அம்மன்ர பூவை மேயுதுகள்," என்று வீதி முழுக்கக் கேட்கச் சொன்னார்.

ஒரு மூலையிலிருந்து அத்தானும், மறு மூலையிலிருந்து அவளுடைய அம்மானும் ஓடிவந்தார்கள். அதுவரை அவர்கள் ஒருவரையொருவர் அறியாதவர்கள். இப்போது எங்கட மாப்பிள்ளை, எங்கட பொம்பிளை என்று சேர்ந்து மன்னிப்புக் கேட்டார்கள். பிறகு தொடக்கியது உங்கட ஆள்தான் என்று ஒருவரோடொருவர் சண்டை பிடித்தார்கள். நாங்கள் எதற்கு வந்தோம் என்பது கோயிலுக்கே தெரிந்துபோனது.

ஆர் பறிச்சது என்று பெரியவர் கேட்டார். நான்தான் என்றேன்.

"பொய் ஐயா. பறிச்சது நான். அவர் வாயை மட்டும்தான் வைச்சவர்."

பெரியவர் கூடையை எங்கள் இருவரிடமும் கொடுத்து, வாயை மூடிக்கொண்டு நிரப்பித் தரச் சொன்னார். நிரப்பினோம்.

திரும்பும் லோஞ்சிலும் இரண்டு வீட்டாரும் ஒன்றாகவே வர நேர்ந்தது. எல்லாம் பாழ் என்று அத்தான் தலையில் கை வைத்திருந்தார். அம்மான் ஆடி ஆடி எங்களிடம் வந்தார்.

"தம்பி, உமக்குப் பிடிச்சிருக்கோ எண்டு பிள்ளை கேக்கிறா."

எனக்காகப் பதில் சொல்ல அத்தான் தொண்டையைச் செருமினார். நான் நிமிர்ந்தேன். பின்னால் இருந்த பலகை வாங்கிலில் தட்டை மடியில் வைத்தபடி, அவள் ஒளிக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓம்," என்றேன். அது எஞ்சின் சத்தத்துக்கும் மேலால் எல்லாருக்கும் கேட்டுவிட்டது.

எப்ப கலியாணம் என்று லோஞ்ச் ஓட்டி கேட்டார். முன்பின் தெரியாத ஒரு அக்கா, சாப்பாட்டுக்குச் சொல்லுங்கோ என்றார்.