அஸ்கலெச்சின் உள்ளறை

அஸ்கலெச்சுக்கு யாரோடும் ஒத்துவராது. அதை யாரும் அவள் முதுகுக்குப் பின்னால் சொல்ல வேண்டியதில்லை, அவளே முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். புருஷன் போய்ச் சேர்ந்து எட்டு வருஷம். மகள் அரபு நாட்டில் வீட்டு வேலை. சண்டை போட வீட்டில் ஆள் இல்லாததால் வெளியே போட்டாள்.

அதிஸ் அபாபாவின் பழைய பேட்டையில் அவளுக்குத் தகரக் கூரை வீடும் முற்றமும் இருந்தன. சாலை வரப்போகிறது என்று இடித்தார்கள். பதிலுக்கு ஊர்க்கோடியில் ஒரு புதுக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் ஒற்றை அறை கொடுத்தார்கள். மூலையில் பாத்திரம் கழுவும் தொட்டி, பக்கத்தில் கதவு வைத்த குளியலறை, அதற்குள்ளேயே கக்கூஸ். சாவி கிடைத்த அன்றே அந்தக் கதவைத் திறந்து பார்த்தாள். வெயில் படாத இடம். தரையில் தண்ணீர் ஓட வழி. சுவரெல்லாம் வழவழவென்று ஓடு. தெல்லா ஊறப்போட இதைவிட நல்ல இடம் ராஜா வீட்டில்கூட இருக்காது என்று அப்போதே முடிவு செய்துவிட்டாள்.

தெல்லா என்றால் பார்லிக் கள். அதுவும் இது சாமிக்கான தெல்லா. மிக்காயேல் சங்கத்தில் பன்னிரண்டு பேர். மாதத்தின் பன்னிரண்டாம் நாள், தேவதூதர் மிக்காயேலின் நாளில், முறை வைத்து ஒருவர் வீட்டில் கூடுவார்கள். அந்த வீட்டுக்காரர் தன் வீட்டிலேயே சுட்ட ரொட்டியும் தன் வீட்டிலேயே போட்ட தெல்லாவும் கொடுக்க வேண்டும். கூட்டம் முடிந்ததும், துணி போர்த்திய சங்கத்துக் கலயம் அடுத்த முறைக்காரர் வீட்டுக்குப் போகும். ஹிதார் மாதம் மிக்காயேலின் பெருநாள். அந்த வருஷம் அது அஸ்கலெச்சின் முறை.

சங்கத் தலைவர் கெப்ரெயெஸ் கிழவர், குரலில் தேனைத் தடவிக்கொண்டு பேச்சை எடுத்தார். "மாடி வீட்டுக்குப் போயிட்டீங்க. அங்க எங்கம்மா ஊறல் போடுவீங்க? பேசாம முறையை விட்டுக் குடுத்துருங்களேன். ஏற்கனவே வொல்தே செத்துப்போயி அடுத்த மாச முறைக்கு ஆளில்ல. அவர் இடத்துக்கு யாரையாவது பிடிக்கிறப்போ உங்களுக்கும் சேர்த்துப் பார்த்துக்கிறோம்."

"இப்ப முறையை விடும்பீங்க, நாளைக்கு என்னையே விடும்பீங்க. என் வீட்டுலதான் கூட்டம். மாடி ஏற முடியாதவங்க கீழேயே நில்லுங்க."

முறையை விட்டவர்களை எல்லாரும் மெல்ல மறந்துபோவதை அவள் பார்த்திருக்கிறாள். இடிபட்ட பேட்டையில் அவளுக்கு மிஞ்சியது இந்தச் சங்கம் ஒன்றுதான். அதிலும் ஒருத்தரையும் அவளுக்குப் பிடிக்காது. ஆனால் அவர்களும் போய்விட்டால் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட இந்த ஊரில் ஒரு ஆள் இல்லை.

வயிறு பெருத்த அவளுடைய மண்பானை, இரண்டு சுமைக்காரர்கள் தோளில், அவள் வசவைக் கேட்டுக்கொண்டே மூன்று மாடி ஏறியது. குளியலறைக் கதவு நிலையில் சிக்கியபோது நிலையைத்தான் செதுக்கினாள், பானையில் கீறல் விழ விடவில்லை. உட்காரும் பீங்கானின் மேல் பலகை போட்டு, அதன்மேல் ஈரச்சாக்கில் பார்லியை முளைகட்ட வைத்தாள். அந்தப் பீங்கானில் அவள் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. யாரும் போகாத கக்கூஸ் எப்படிக் கக்கூஸ் ஆகும்? அவள் போனதெல்லாம் கீழே காவல்காரன் கொட்டகை ஓரத்துக் கழிப்பிடத்துக்கு. சங்கத்தாரிடம் "உள்ளறையில போடுறேன்" என்றாள். அது பொய்யில்லை என்று தனக்குத்தானே தீர்ப்பும் எழுதிக்கொண்டாள்.

பானைக்குப் புகை போட்ட அன்றுதான் வினை வந்தது. கசப்பிலை போட்டுத் தேய்த்துக் கழுவி, காட்டு ஆலிவ் சுள்ளிக் கங்கின் மேல் பானையைக் கவிழ்த்தாள். அந்த வாசம் பானைக்குள் இறங்காவிட்டால் தெல்லா வெறும் புளித்தண்ணிதான். ஆனால் குளியலறைச் சன்னல் திறப்பது குழாய்ச் சந்துக்குள். அதே சந்தில்தான் எதிர்வீட்டுத் தெப்ரித்துவின் குளியலறைச் சன்னலும் திறக்கிறது. முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற தெப்ரித்து, தலை நிறைய சோப்பு நுரையோடு, துண்டைச் சுற்றிக்கொண்டு படிக்கட்டுக்கு ஓடிவந்தாள்.

"நெருப்பு! ஐயோ நெருப்பு!"

அஸ்கலெச் கதவைத் திறந்தாள். "நெருப்பில்ல, பானைக்குப் புகை. போய்த் தலையை அலசு, கண்ணுல சோப்பு போவுது."

"பானைக்கா? அடிப்பாவி, சாமிக்குக் குடுக்கிறதைக் கக்கூஸ்லயா போடுற?"

"கக்கூஸ் உன் வீட்டுல. என் வீட்டுல அது உள்ளறை."

"மனு எழுதுறேன் பாரு!"

"எழுது, எழுது. வேற என்ன தெரியும் உனக்கு?"

தெப்ரித்து நாலு பக்கம் எழுதினாள். கட்டடக் கமிட்டி ஆட்கள் வந்து இனிமேல் புகை கூடாது என்றார்கள். பானைக்கு வேண்டிய புகை அதற்குள் ஏறிவிட்டதால் அஸ்கலெச்சும் பவ்வியமாகத் தலையாட்டினாள். அப்புறம் வாரம் இரண்டு நாள் வரும் தண்ணீரைப் பிடித்து வைத்துக் கசப்புக்குக் கேஷோ இலையை ஊறப்போட்டாள். முளைப்பார்லியைக் காயவைத்து இடித்த மாவு, கறுக்கச் சுட்டுப் பிய்த்த ரொட்டி எல்லாம் வரிசையாகப் பானைக்குள் போயின. தினமும் பானையில் காதை வைத்துக் கேட்டாள். அது நொதித்து முணுமுணுத்தது, அவளும் பதிலுக்கு முணுமுணுத்தாள். அந்தப்பக்கமிருந்து தெப்ரித்து துடைப்பக் கட்டையால் சுவரை இடிப்பாள். இந்தப்பக்கமிருந்து இவள் அகப்பையால் திருப்பி இடிப்பாள்.

பெருநாள் வந்தது. அன்று நோய்நொடி அண்டாமலிருக்க ஊர் முழுக்கக் குப்பையைக் கொளுத்துவது பழைய வழக்கம். படிக்கட்டுச் சன்னல் ஓரம் தெப்ரித்து இருமிக்கொண்டு நின்றாள். "இன்னிக்கு ஊரே புகையுது. ஊருக்கு ஒரு மனு எழுதேன்" என்று சொல்லிவிட்டு அஸ்கலெச் விருந்தாளிகளை உள்ளே அழைத்தாள்.

பாதிரியார் ஜெபம் சொன்னார், ரொட்டியைப் பிட்டார்கள், தெல்லாவை ஊற்றினாள். கெப்ரெயெஸ் ஒரு மிடறு குடித்து, கண்ணை மூடி, மறுபடி குடித்தார். "உங்க பழைய முற்றத்துத் தெல்லாவேதாம்மா இது. நான் வாயைத் திறந்தது தப்பு." அந்த வருஷத்திலேயே அவள் சிரித்தது அப்போதுதான். சந்தோஷத்தில் எல்லாருக்கும் கோப்பை நிறைய நிறைய ஊற்றினாள்.

நாலாவது கோப்பையில் கெப்ரெயெஸ் எழுந்தார். "ஒரு நிமிஷம் ஒதுங்கிட்டு வந்துடறேன்" என்று நேராக உள்ளறைக் கதவைப் பார்த்து நடந்தார்.

அஸ்கலெச் பாய்ந்து குறுக்கே நின்றாள். "அது உள்ளறை! கழிப்பிடம் கீழ, காவல்காரன் கொட்டகைகிட்ட இருக்கு."

ஒருவர் இறங்கிப்போய் மூச்சிரைக்கத் திரும்பி வந்தார். காவல்காரன் அதைப் பூட்டிக்கொண்டு மிக்காயேல் கோயிலுக்குப் போயிருந்தான்.

"என் மருமக வீடும் இதே மாதிரிக் கட்டடம்தான்" என்றார் கெப்ரெயெஸ், முழங்காலைச் சேர்த்துக்கொண்டு. "அங்கெல்லாம் இந்தக் கதவுதானே கக்கூஸு?"

பத்துப் பேரும் கையிலிருந்த கோப்பையைப் பார்த்தார்கள்.

"குழாய் உடைஞ்சு கெடக்கு. எதிர்வீட்டுல கேட்கிறேன்" என்று அஸ்கலெச் வெளியே ஓடினாள்.

தட்டுவதற்கு முன்பே தெப்ரித்து கதவைத் திறந்தாள்.

"சங்கத்துக்காரங்க உன் கக்கூஸுக்கு வரணும்."

"ஏன், உன் வீட்டுல இல்லையா?" எல்லார் காதிலும் விழுகிற மாதிரிக் கேட்டாள் தெப்ரித்து.

"மெதுவாப் பேசு."

"எதுக்கு மெதுவா? அங்க என்ன இருக்குன்னு நானே வந்து சொல்லட்டுமா?"

அஸ்கலெச் பல்லைக் கடித்தாள். "என்னடி வேணும் உனக்கு?"

தெப்ரித்து அவள் தோளுக்கு மேலாக அந்த அறையைப் பார்த்தாள். ரொட்டி, கோப்பைகள், வட்டமாக உட்கார்ந்த ஆட்கள், துணி போர்த்திய கலயம். இந்தக் கட்டடத்துக்கு வந்து இரண்டு வருஷத்தில் அவளை யாரும் எதற்கும் கூப்பிட்டதில்லை.

"வொல்தேயோட இடம் காலியா இருக்காம்ல."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அந்தச் சந்து வழியாப் புகை மட்டுமா வருது? நீ பானைகிட்டப் பேசுறதெல்லாம் வருது."

உள்ளேயிருந்து கெப்ரெயெஸ் முனகினார். அஸ்கலெச் திரும்பி, விஷத்தை விழுங்குகிற முகத்தோடு சொன்னாள். "வொல்தே இடத்துக்கு இவளைச் சேர்த்துக்கலாம்னு நினைக்கிறேன். நல்ல பொம்பளை."

"சம்மதம், சம்மதம்!" என்று கத்திக்கொண்டே கெப்ரெயெஸ் எதிர்வீட்டுக்குள் ஓடினார். மற்றவர்களும் நடந்துகொண்டேதான் சம்மதித்தார்கள். தெப்ரித்து ஆபீஸ் சன்னலில் நிற்கிற மாதிரி நின்று, ஒவ்வொருவரையும் பெயர் கேட்டு உள்ளே விட்டாள்.

வொல்தேயின் இடம் வந்தால் வொல்தேயின் முறையும் கூடவே வரும். சாயங்காலம் சங்கம் முழுக்கப் பாடிக்கொண்டு கலயத்தை நாலடி தூரம் தூக்கிக்கொண்டு போய்த் தெப்ரித்து கையில் கொடுத்தது. அவள் அதை முத்தமிட்டு வாங்கினாள், கண்கூடக் கலங்கியது. எல்லாரும் இறங்கிப் போனபின் இரண்டு பேரும் அவரவர் வாசலில் நின்றார்கள்.

"நான் ஆபீஸ் போனவ" என்றாள் தெப்ரித்து. "எனக்கு ஊறல் போடத் தெரியாது."

"அதுக்கு?"

"உனக்குத் தெரியும். உங்கிட்ட இடமும் இருக்கு."

அஸ்கலெச்சின் வாய்வரை வந்த வசவு அப்படியே நின்றது. இன்று வயிறு நிறையக் குடித்துவிட்டுப் போன பத்துப் பேரும் கண்முன்னே வந்தார்கள்.

"பானைக்கு மறுபடி புகை போடணும்" என்றாள் கடைசியில். "உன் வீட்டுக்குத்தான் வரும்."

"அன்னிக்கு நான் குளிக்கல" என்று சொல்லிவிட்டுத் தெப்ரித்து கதவைச் சாத்தினாள்.